பென் டிரைவில் மிஞ்சிய பாதி நடனம்

கமாகுவே,
ஆகஸ்ட் 12, திங்கள், மின்சாரம் இருக்கும் வேளை.

என் அன்புக்கும் என் இரத்தக் கொதிப்புக்கும் சம உரிமை உள்ள மகள் யாமிலேவுக்கு அப்பா எவெலியோ எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மா ஒடாலிஸும், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, நலம். அங்கே மொந்தெவிதேயோவில் நீயும் மாப்பிள்ளை ஃபெலிப்பேயும் ஆகஸ்ட் குளிரில் விறைக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளைக் காலை எதிர்வீட்டு மிக்தாலியாவின் நாத்தனார் ஹவானா பஸ் ஏறுகிறாள், அங்கிருந்து விமானத்தில் உன் ஊருக்கு. இந்தக் கடிதமும் கொய்யா மிட்டாய்ப் பொட்டலமும் அவள் கையில் வரும். மிட்டாயை அவசரமாகக் கடித்துவிடாதே. உள்ளே பென் டிரைவ் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா சொல்லித் தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தை இடுப்பில் துண்டோடு உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா கட்டிலுக்கு அடியில் உருண்டது, குனிந்தேன், டர்ரென்று ஒரு சத்தம். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே குரல் வந்தது. "எவெலியோ, அது நீயா, பேண்ட்டா?" "பேண்ட்" என்றேன். "இப்படித் தூக்கிப் போடு." ஒன்பது வருஷத்துக்கு முன் நீதிபதி எங்களைப் பிரித்தாரே தவிர, எனக்கு வேறு வீடு கொடுக்க அவரிடம் இல்லை. நான்தான் வீட்டு நடுவில் பலகை அடித்தேன், நீதான் பிடித்துக்கொண்டு நின்றாய். கூரை வரைக்கும் பலகை போதவில்லை. அந்த இடைவெளி வழியாக உப்பு போகும், காப்பி வரும், திட்டு இரண்டு பக்கமும் போகும். இப்போது பேண்ட் போயிருக்கிறது. நல்ல பேண்ட் அது ஒன்றுதான். அது திரும்பி வரும்வரை வெளியே போக முடியாது, அதனால்தான் கடிதம் நீளப் போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ போனில் கேட்டது என்ன? "அப்பா, கல்யாணத்துக்கு உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர முடியல. என்னோட பதினஞ்சாம் பிறந்தநாள்ல நாம ஆடின வால்ட்ஸ் வீடியோவையாவது அனுப்புங்க. ஹால் சுவத்துல போட்டு எல்லாரும் பாக்கணும்." சரிம்மா என்றேன். சொல்லும்போதே என் பின்பக்கம் குளிர்ந்தது. காரணம் உனக்கே தெரியும். அந்த வெள்ளை வாடகை சூட் என்னைவிட ஒல்லியான, என்னைவிட ஒழுக்கமான ஒருவனுக்காகத் தைத்தது. வால்ட்ஸின் மூன்றாவது சுற்றில் மகள் முன்னால் ஒற்றை முழங்காலில் இறங்கணும் என்று அந்த நடன வாத்தியார் ஒரு மாதம் பழக்கினான். இறங்கினேன். நான் இறங்கினேன், தையல் இறங்கவில்லை. வந்திருந்த அறுபது பேரும் சிரித்த சிரிப்பில் உன் அம்மா சிரிப்புதான் பெரிசு, ஏனென்றால் கேமரா அவள் கையில் இருந்தது, மைக் அவள் வாய்க்குப் பக்கத்தில். நான் சமையலறைக்கு ஓடி, சுட்ட பன்றித் தட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், கேக் வெட்டும்வரைக்கும். அங்கே நிற்கும்போது ஹாலிலிருந்து இரண்டாவதாக ஒரு சிரிப்பு கேட்டது. முதல் சிரிப்பைவிடப் பெரிசு. யாரோ என்னைப் போலவே குனிந்து நடித்துக் காட்டுகிறான் என்று நினைத்தேன். முதல் சிரிப்பு என் பங்கு, அது நியாயம், வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டாவது சிரிப்புதான் யாமிலே, பதினோரு வருஷமாக என் காதில் கிடந்தது.

விருந்தாளிகள் போனபிறகு பார்த்தால், உன் அம்மா தானே வெட்டித் தானே தைத்த நீலக் கவுன் தொடை வரைக்கும் கிழிந்து தொங்குகிறது. என்னது என்றேன். "வாசல் கதவு ஆணியில மாட்டிக்கிச்சு" என்றாள். எனக்கு அன்றைக்கு யார் மேலாவது பாயவேண்டி இருந்தது. கவுன் மேல் பாய்ந்தேன். ஒரு துணியைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல, வீட்டையா வச்சுக்கப் போற என்று ஆரம்பித்து, சம்பந்தமே இல்லாமல் அவள் தங்கச்சி வீட்டுக் கோழி வரைக்கும் போனேன். அவள் மூன்று வாரம் பேசவில்லை. பலகை அடித்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், எங்களிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் காரணம் அதுதான். அதற்கப்புறம் யார் அந்த வீடியோவைப் போட்டாலும், முழங்கால் மடங்குகிற இடத்தில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். மீதியைப் பார்த்ததே இல்லை. அந்தப் பேச்சை எடுக்கக்கூட யாரையும் விட்டதில்லை.

அந்த வீடியோ இருந்த டிவிடி தட்டு பூசணம் பிடித்துப் போனதும் உலகத்தில் மிச்சம் ஒன்றே ஒன்றுதான், உன் அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் இருந்த பென் டிரைவ். நீ கேட்டதும் அவள் அதைப் பலகைக்கு மேலாக நீட்டினாள். "பத்திரம். வேற கை இல்லாமத்தான் உன் கையில குடுக்கறேன்" என்றாள். அவள் முன்னாலேயே ஒரு முடிவெடுத்தேன். நேராகப் பொட்டலத்தில் போட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஜாக்கிரதையான ஆள் என்று பேர் வாங்க ஆசைப்பட்டு, எதிர்வீட்டு மிக்தாலியாவின் கம்ப்யூட்டரில் இன்னொரு காப்பி எடுத்து வைக்கலாம் என்று போனேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணே, பென் டிரைவ் இங்க வந்தது வந்துச்சு, என் துருக்கி நாடகம் நாப்பது எபிசோடு இருக்கு, அதையும் ஏத்திக்கிறேன், என் அக்கா வீட்டுல குடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். இந்த ஊரில் காலியாக ஒரு பென் டிரைவ் தெருவைக் கடந்தால் அது குற்றம், உனக்குத் தெரியாததா. ஏற்று என்றேன். அந்தப் பக்கம் வால்ட்ஸ் வெளியே வந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் துருக்கி உள்ளே போய்க்கொண்டிருக்க, முப்பத்தோராம் எபிசோடில் கதாநாயகி ஏதோ ரகசியம் சொல்லப் போகிற நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று.

அறிவித்த நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால். சொன்ன நேரத்தில் போகாத மின்சாரத்தின் மேல் கோபப்பட்டு என்ன பயன்? மத்தியானம் வந்தது. பென் டிரைவைச் சொருகினோம். திரையில் ஒரு கட்டம் முளைத்தது: இந்தத் தட்டை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா, ஆமாம், இல்லை. மிக்தாலியா அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே ஓடிவிட்டாள். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன், ரயில்வே பட்டறையில் பிரேக் பார்க்கிறவன், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும். நம்ம ஊர் ஆள் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறதே, ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொன்னால்தான் வரிசை நகரும். இது எந்த ஜன்னலாக இருந்தால் என்ன? ஆமாம் என்று அமுக்கினேன். வரிசை நகர்ந்தது. பென் டிரைவ் துடைத்த தட்டு மாதிரி பளிச்சென்று திறந்தது. வால்ட்ஸும் இல்லை, துருக்கியும் இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் வந்து சேர்ந்திருந்த காப்பியும் பாதியில் அறுந்து, திறக்கவே மறுத்தது.

உன் அம்மாவிடம் சொன்ன அந்த அரை மணி நேரத்தை எழுத மாட்டேன், தாள் போதாது. ஒரே ஒரு வரி மட்டும். "பதினோரு வருஷமா அதை ஒழிக்கச் சமயம் பாத்துட்டிருந்த, இன்னிக்கு ஒழிச்சுட்ட. உன் மானத்துக்காக என் பொண்ணு கல்யாணத்தைக் காவு குடுத்துட்ட!" நான் பலகையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். "பலகையில பண்ற சத்தியம் எவ்வளவு நாள் தாங்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள், ஒஸ்னியெல்லிடம் போகலாம் என்று. வாராவாரம் படமும் பாட்டும் நாடகமும் ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்து தெருவுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுக்கிற அந்தத் தொப்பைக்காரன்தான். நடுவில் செத்த பென் டிரைவ்களுக்கு வைத்தியமும் பார்ப்பான். "போகலாம்" என்று சொன்னதைக் கவனி. "உன்னைத் தனியா அனுப்பினா மிச்சம் இருக்கறதையும் துடைச்சிட்டு வருவ" என்று கூடவே கிளம்பினாள். ஒஸ்னியெல் சொருகிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "பெரிசு, அழிச்சப்புறம் இதுல மேல புதுசா எதையும் ஏத்தலையே?" "இல்லப்பா." "அப்ப பொழைச்சீங்க. அழிக்கிறதுன்னா பொருள் போயிடாது. பேரை மட்டும்தான் அடிக்கும். பொருள் அந்தந்த இடத்துலயே கெடக்கும், அது மேல வேற எதையாவது எழுதற வரைக்கும்." இது எனக்குப் புரிந்தது. பட்டறையில் மழை பெய்து பெட்டிகளின் சாக்பீஸ் நம்பரெல்லாம் அழிந்து போகும். பெட்டி எங்கேயும் போகாது, ஓரத் தண்டவாளத்தில் நிற்கும். எது எது என்று ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துதான் பார்க்கணும். கூலி என்ன என்றேன். அவன் சைக்கிளுக்குப் பிரேக் பிடிக்கவில்லை, அதைச் சரி பண்ணிக் கொடுத்தால் போதும் என்றான். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைக் கேட்டானே என்று கண் கலங்கிவிட்டது.

நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஃபைல்கள் வந்தன யாமிலே. பேர் இல்லாமல், வெறும் எண்களாக. அந்த பென் டிரைவ் இத்தனை வருஷத்தில் யார் யார் கைக்குப் போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நாள், மின்சாரம் இருந்த நேரமெல்லாம், ஒஸ்னியெல் வீட்டு முன்னறையில் ஒரே பெஞ்சில் நானும் உன் அம்மாவும். நடுவில் பலகை இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, முழங்கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவன் ஒவ்வொன்றாகத் திறக்கிறான். மிக்தாலியாவின் பித்தப்பைக் கல் ஸ்கேன். "அடியே, இம்மாம் பெருசா!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பன்றி வளர்ப்பு, பாகம் ஒன்று முதல் ஆறு. யாரோ ஒரு ஆள் ஒரே சட்டையில் பாஸ்போர்ட்டுக்காக முப்பது தடவை முறைத்த போட்டோ. யாரென்றே தெரியாத பெண்கள், பதினைந்து வயசுக் கவுனில், தண்ணீர்த்தொட்டி முன்னால், வாடகைக் கார் முன்னால், யார் வீட்டுப் படிக்கட்டு முன்னாலோ. ஒவ்வொன்றுக்கும் அம்மா "நம்ம யாமிலே கவுன் இதைவிட நல்லா இருந்துச்சு" என்றாள். நான் "ஆமாம்" என்றேன். இந்த ஒரு ஆமாமில் எந்த ஆபத்தும் இல்லை. வார நாடகம் வாங்க வருகிறவர்களும் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் யாரோ வறுத்த கிழங்கு கொண்டுவந்தார்கள். அம்மா ஒரு துண்டை எடுத்து, பழக்கத்தில் பாதியாக ஒடித்து, ஒரு பாதியை என் பக்கம் நீட்டி, அப்புறம் யாரிடம் நீட்டுகிறோம் என்று ஞாபகம் வந்து, "சாப்பிடு, செத்துத் தொலையாதே" என்றாள்.

மூவாயிரத்துச் சொச்சத்தில் அது வந்தது. முன்பாதி இல்லை. ஒஸ்னியெல் சொன்னான், மின்சாரம் போன குழப்பத்தில், ஏறிக்கொண்டிருந்த துருக்கிக்காரி முன்பாதி மேலேயே விழுந்து அதை விழுங்கிவிட்டாள், பின்பாதி மட்டும் ஓரத்தில் தப்பிக் கிடந்திருக்கிறது என்று. நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன், மறைக்க மாட்டேன். போயும் போயும் என் கிழிசல் மட்டும் போயிருக்கிறது! பிறகு படம் ஓடியது. நான் தண்ணீர் குடிக்கப் போகிற இடத்துக்கு அப்புறம் என்ன என்று முதல் தடவையாகப் பார்த்தேன்.

முதலில் கூரை தெரிகிறது, கேமரா கைமாறுகிறது. "ஏய், இதுல எதை அமுக்கணும்?" என்று மிக்தாலியா குரல். அப்புறம் ஹால் நடுவில் நீ. கையை இன்னும் நான் இருப்பது மாதிரியே தூக்கி வைத்துக்கொண்டு, தனியாக. பாட்டு ஓடுகிறது. உன் கீழுதடு நடுங்க ஆரம்பிக்கிறது. அப்போது உன் அம்மா உள்ளே வருகிறாள். கவுனின் பக்கத் தையலை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். டர்ரென்று தொடை வரைக்கும் கிழிக்கிறாள். "என்ன பாக்கறீங்க? எங்க வீட்டுல எல்லாருக்கும் இதான் மாடல்!" என்கிறாள். ஹாலே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. நீயும் சிரிக்கிறாய். அவள் என் இடத்தில் நின்று, ஆம்பிளை மாதிரி உன் இடுப்பில் கை வைத்து, வால்ட்ஸை முடித்துக் கொடுக்கிறாள். கடைசியில் அந்த முழங்காலையும் அவளே மடக்குகிறாள்.

அதுதான் அந்த இரண்டாவது சிரிப்பு.

நீ அங்கேயே நின்றவள், உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்று நினைத்திருப்பாய். நான் திரும்பி உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "இதான் ஒஸ்னியெல், போதும், காப்பி எடு. காத்தாடி நின்னு போச்சு, வேர்க்குது" என்று எழுந்து போய்விட்டாள். காத்தாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் ஒஸ்னியெல்லிடம் முன்பாதி போனால் போகட்டும் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "மாமா, கோவிச்சுக்கக் கூடாது. முன்பாதி என்கிட்டயே இருக்கு." எப்படிடா? "எட்டு வருஷம் முன்னாடி மிக்தாலியா அக்கா இதே பென் டிரைவை நாடகம் ஏத்தக் குடுத்தாங்கல்ல, அப்ப. வாரப் பொதியில நகைச்சுவைன்னு ஒரு ஃபோல்டர் வைப்பேன். நாப்பது செகண்ட்தான் வெட்டி எடுத்தேன். அதுக்குத்தான் மாமா கிராக்கி." ரொட்டி வரிசையில் முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்து முன்னால் விடுவார்களே, என் நரைமுடிக்குக் கிடைக்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன். பட்டறையில் நான் குனியும்போதெல்லாம் பையன்கள் ஏன் வேலையை நிறுத்துகிறார்கள் என்பதும் விளங்கிவிட்டது. தீவின் கிழக்குக் கோடியில் குவாந்தானாமோ வரைக்கும் போயிருக்கிறதாம். உன் அப்பா பிரபலமான ஆள்.

அதை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் உனக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் என்னை முதல்முதலாகப் பார்ப்பது பின்பக்கமாகவா இருக்கணும்? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் என் பேண்ட் கிழிவதைக் காட்டாவிட்டால் அவள் ஏன் கவுனைக் கிழித்தாள் என்று ஒருத்தருக்கும் புரியாதே. கிறுக்குப் பொம்பளை என்று நினைப்பார்கள். ஆகவே இரண்டையும் ஒட்டிவிடு என்று சொல்லிவிட்டேன். நாற்பது செகண்ட் என் மானம், அப்புறம் மூன்று நிமிஷம் உன் அம்மா. சுவரில் பெரிதாகவே போடு. ஒட்டின இடத்தில் ஒரு குதி குதிக்கும், அது தெரியட்டும்.

ஃபெலிப்பேயிடம் சொல், வாடகை சூட் வாங்கினால் குனிந்து பார்த்து வாங்கச் சொல். நீங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தே கிழவர்களாக வேண்டும், பலகை எதற்காகவும் வீட்டுக்குள் வரக் கூடாது, அலமாரிக்காக இருந்தாலும் வேண்டாம். கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். மிக்தாலியா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அவள் அக்காவுக்கு முப்பத்தோராம் எபிசோடு இன்னும் போய்ச் சேரவில்லை.

முழு முத்தங்களுடன்,
அரைத் துண்டுடன்,
அப்பா எவெலியோ.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். ஒரு இடத்தில் பொய் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் என்ன கேட்டிருந்தது என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. எல்லாம் அழிந்துவிடும் என்று கீழே இன்னொரு வரியும் இருந்தது, அதையும் படித்தேன். வரிசை, ஜன்னல், பழக்கம் எல்லாம் வெறும் கதை. உன் கல்யாண ஹாலில் அந்த இரண்டாவது சிரிப்பை இன்னொரு தடவை யாரும் கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் அமுக்கினேன். அமுக்கிய மறு வினாடியே விரலை வெட்டிப் போடலாம் போல் இருந்தது. உன் அம்மா சொன்னது சரி. அதை அவளிடம் நீ சொல்லாதே, நானே சொல்கிறேன், என்றைக்காவது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேண்ட் பலகைக்கு மேலாக வந்து என் தலையில் விழுந்தது. "இந்தா. ரெட்டைத் தையல் போட்டிருக்கேன், இனி உலகமே கிழிஞ்சாலும் இது கிழியாது" என்றாள். போட்டுக்கொண்டேன். வாசல் வரைக்கும் போனேன். கதவை மேலிருந்து கீழ் வரை, இரண்டு பக்கமும், கீல் இடுக்கு வரைக்கும் கையால் தடவிப் பார்த்தேன், பட்டறையில் பிரேக் கட்டையைத் தடவுகிற மாதிரி. திரும்பி வந்தேன். "என்ன, சரியா இருக்கா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "சரியா இருக்கு" என்றேன்.

வாசல் கதவில் ஆணியே இல்லை, ஒடாலிஸ், என்று நான் சொல்லவில்லை.